பெட்டிக்குள் இல்லாத சீலை

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஆறு, தங்கியது நாலு. அந்த நாலோடு, பிறந்த அன்றைக்கே தாயை இழந்து என் கைக்கு வந்த மகன் வயிற்றுப் பேத்தி ஒருத்தியையும் சேர்த்து, வளர்த்தது ஐந்து. ஒன்றுகூடச் சோடை போகவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்தப் பேத்தியிடம் நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதைத் திருப்பி எடுக்க வாய் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு தோட்ட வேலைக்குப் போனவள் நான். ஒரு பக்கம் நிரப்ப எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிவிடுகிறது. ஆகட்டும். மாசி மாதம் எங்கள் வீட்டில் பெட்டி இறங்கும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால் போதும்.

பேத்தி திண்டுக்கல்லில் சரித்திரம் படிக்கிறாள், எம்.ஏ. கடைசி வருஷம். சேவுகம்பட்டிக்குப் பக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறாள். வகுப்பில் எல்லார் முன்னாலும் நின்று, படம் காட்டி, அரை மணி நேரம் பேச வேண்டுமாம். அதற்கு வீட்டில் ஒத்திகை பார்த்தாள். கேட்க ஆள் வேண்டுமே. நானும் என் ஓரகத்தியும் முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். ஓரகத்தி என்றால் என் கொழுந்தன் பெண்டாட்டி; அடுத்த வீடு; எனக்கு எட்டு வயது இளையவள்; வாய் மட்டும் எட்டு வயது மூத்தது.

"கிரேக்கம்னு ஒரு தேசம் அப்பத்தா. ரெண்டாயிரத்தைநூறு வருசத்துக்கு முன்னாடி அங்க நம்மள மாதிரியே ஏகப்பட்ட அம்மன்."

"அப்ப நம்ம ஆளுகதான்" என்றாள் ஓரகத்தி.

அம்மன் என்றதும் நான் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட எழுந்தேன். பேத்தி கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள். கும்பிடப் போன கை பாதியில் நின்றுவிட்டது. தலை இல்லை. இரண்டு கையும் இல்லை. வெள்ளைக் கல்லில் உடம்பு மட்டும் நின்றது. பின்னால் விளக்குப் போட்டிருந்தார்கள்.

"யாரு இவள இப்படி வெட்டிப் போட்டது?"

"யாரும் வெட்டல அப்பத்தா. மண்ணுக்குள்ள கிடந்து ஒடஞ்சது. இப்ப மியூசியத்துல இருக்கு. டிக்கெட் எடுத்துப் போய்ப் பாக்கலாம்."

எங்கள் ஊர் எல்லைச் சாமிக்குச் சுண்டுவிரல் நுனி உடைந்ததற்கே, குறி கேட்டு, வேறு சிலை செய்து வைத்துவிட்டு, பழையதை ஆற்றில் கொண்டுபோய் விட்டார்கள். பின்னப்பட்ட சாமியை நாங்கள் ஒரு நாள்கூட நிற்க வைத்துப் பார்க்க மாட்டோம். இந்த அம்மனை வெளிச்சம் போட்டு, காசு வாங்கிக் காட்டுகிறார்களாம்.

அடுத்த படத்துக்குக் கை இருந்தது, தலை இருந்தது. துணிதான் இல்லை. ஒரு நூல்கூட இல்லை.

"மூடுடீ!" என்றேன். நானே கம்ப்யூட்டரைச் சாத்தப் போனேன்.

"இதுவும் சாமிதான் அப்பத்தா. ஆசைக்கும் அழகுக்கும் உள்ள சாமி. குளிக்கப் போறா."

"குளிக்கப் போறவள எதுக்குடி எட்டிப் பாக்குறீங்க?"

ஓரகத்தி கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு, செத்த நேரம் நிதானமாகப் பார்த்தாள். "ஏக்கா, இவளுக்கு ஒரு சீலை எடுத்துக் குடுக்க அந்த ஊர்ல ஆளில்லாமப் போச்சா?"

பேத்தி சிரித்தாள். ஒரு சிற்பி இந்த அம்மனையே துணியோடு ஒன்று, துணியில்லாமல் ஒன்று என்று இரண்டாகச் செய்தானாம். ஓர் ஊர்க்காரர்கள் மானத்துக்குப் பயந்து உடுத்தியிருந்தவளை வாங்கிப் போனார்களாம். மிச்சமிருந்தவளை இன்னோர் ஊர்க்காரர்கள் வாங்கினார்கள். அந்த ஊருக்குத்தான் கப்பல் கப்பலாகச் சனம் பார்க்க வந்ததாம்.

"வராம என்ன செய்வான்?" என்றாள் ஓரகத்தி. "பழனிக்கு இம்புட்டுக் கூட்டம் வருது, அது பக்தி. இது வேற கூட்டம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் காட்டிய அம்மன்கள் எல்லாரும் வெள்ளை வெளேரென்று இருந்தார்கள். "எல்லாவளும் தாலியறுத்தவளுகளா?" என்று கேட்டேன். இல்லையாம். அந்தக் காலத்தில் நம் கோபுரத்துப் பொம்மை மாதிரி சிவப்பும் நீலமும் பூசி, கண்ணெழுதி வைத்திருந்தார்களாம். மண்ணில் கிடந்து சாயம் போய்விட்டது. சாயம் போன பிறகு பார்த்தவர்கள், அவர்கள் எப்போதுமே வெள்ளைதான் என்று நினைத்துவிட்டார்கள்.

"இப்ப இவளுகளுக்கு யாரு பொங்க வைக்கிறா?"

"யாருமில்ல அப்பத்தா. அந்தச் சாமிகள விட்டுட்டு வேற சாமிக்குப் போயிட்டாங்க. ஆயிரத்தைநூறு வருசத்துக்கு மேல ஆச்சு."

நான் மொச்சையைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு அம்மனுக்குக் கோபம் வரும், மழையை நிறுத்துவாள், அம்மை போடுவாள் என்று கேட்டிருக்கிறேன். கும்பிட ஆளில்லாமல் நிற்பாள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ச்சி அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

பிறகு சொன்னவை கொஞ்சம் ஆறுதலாக இருந்தன. அதீனா என்று ஒருத்தி, ஊரைக் காக்கிறவள். கல்லில் செய்தது எத்தனையோ இருந்தாலும், ஊருக்கு மெய்யான அம்மன் பழைய மரச்சிலைதானாம். ஊர்ப் பெண்கள் மாதக்கணக்கில் நெய்து அவளுக்குப் புதுத்துணி சாத்துவார்கள். வருஷத்தில் ஒரு நாள், அதற்கென்று உள்ள குடும்பத்துப் பெண்கள் மட்டும் அவள் உடுப்பைக் களைந்து, போர்த்தி மூடி, துணி அலசுவார்கள். அன்றைக்கு ஊரில் யாரும் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். "இது முறை" என்றேன். இதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் ஆர்ட்டெமிஸ் என்று ஒருத்தியைக் காட்டினாள். காட்டில் வில்லோடு திரிகிறவள். கலியாணமே ஆகாதவள். ஆனால் பேறுகாலத்தில் பெண்கள் கூப்பிடுவது அவளைத்தான்.

"ஒன்னும் பெறாதவளுக்கு என்னத்தா தெரியும் பேறுகாலம்?" என்றாள் ஓரகத்தி.

"அதுதான் சின்னப்பத்தா எனக்கும் புரியல. ஆனா பிழைச்சு வந்தவ, தான் உடுத்துன துணியக் கொண்டுபோய் அவ கோயில்ல வைப்பாளாம்." பேத்தி குரலைக் கொஞ்சம் தணித்தாள். "பிழைக்காதவ துணியும் போகும். அது வேற ஒருத்திக்கு. காத்து அடிக்கலன்னு, கப்பல் போகணும்னு, ஒரு ராசா தான் பெத்த பொண்ணையே பலி குடுக்கப் போனான். சாமி அவளத் தூக்கிட்டுப் போயி, தன் கோயில்லயே பூசாரியா வச்சுக்கிச்சு. செத்ததுக்கப்புறம் அவளையும் அங்கயே கும்பிட்டாங்க. பேறுகாலத்துல செத்தவளோட சீலையெல்லாம் அந்தப் பொண்ணுக்கு வைக்கிறதுன்னு அந்தக் காலத்துக் கதையில வருது."

நான் நிமிர்ந்து ஓரகத்தியைப் பார்த்தேன். அவளும் உரிப்பதை விட்டு என்னைப் பார்த்தாள்.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. பனையோலையில் முடைந்தது. சாமி அறை உத்திரத்தில் தொங்கும். மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் கீழே இறங்கும். அதற்குள் இரண்டு உடுப்பு. ஒன்று, பன்னிரண்டு வயதில் கிணற்றில் விழுந்துபோன என் மாமனாரின் தங்கையுடைய பாவாடை. இன்னொன்று, அம்மை வார்த்துப் போன என் மாமனாரின் மூத்த சம்சாரத்தின் கண்டாங்கிச் சீலை. காலம் முடியாமல் போன எங்கள் வீட்டுப் பெண்கள். அவர்கள்தான் எங்களுக்குச் சாமி. சீலைக்காரி என்று சொல்லிக் கும்பிடுவோம். புதுச்சீலை, வளையல், சீப்பு, கண்ணாடி வைத்து, பொங்கலிட்டு, வீட்டிலேயே மூத்த பெண்பிள்ளை முதலில் காலில் விழுவது போல விழ வேண்டும். இருபத்தாறு வருஷமாக மூத்தவள் நான்.

கடல் தாண்டி, பேர்கூட வாயில் நுழையாத தேசத்தில், செத்தவள் சீலையை எடுத்து வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டோடு முடிந்த வழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அது.

பேத்தி இன்னொரு படம் காட்டினாள். கல் பலகை, கோழி கிளறியது மாதிரி எழுத்து. கோயிலுக்கு வந்த ஒவ்வொரு துணியையும், அதைக் கொடுத்த பெண்ணின் பேரோடு வெட்டி வைத்திருக்கிறார்களாம். இன்னாள் கொடுத்தது, தவளை நிறம். இன்னாள் கொடுத்தது, கரை போட்டது, கிழிந்தது. இன்னாள் கொடுத்தது, சாமி உடுத்தியிருக்கிறது. சிலதற்குப் பாதி நெய்தது என்று எழுதியிருக்கிறார்களாம்.

"பாதி நெய்ஞ்சத எதுக்கு வைக்கணும்?" என்று கேட்டேன்.

"மீதிய நெய்ய அவ இல்ல போலருக்கு அப்பத்தா. அப்படித்தான் சிலபேர் சொல்றாங்க."

கம்ப்யூட்டரை மூடிவிட்டு, அவள் என் முகத்தைப் பார்த்தாள். இதற்குத்தான் அவள் ஒத்திகை பார்த்தாளோ என்று இப்போது தோன்றுகிறது.

"அப்பத்தா, எங்கம்மா சீலை ஏன் நம்ம பெட்டியில இல்ல?"

இருபத்து மூன்று வருஷமாக அந்தக் கேள்வி வரவில்லை. நான் கண்ணைக் கூட இமைக்காமல் சொன்னேன்: "ஆஸ்பத்திரியிலயே தொலஞ்சு போச்சுத்தா. நம்ம கைக்கு வரல."

ஓரகத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து மொச்சையை உரிக்க ஆரம்பித்தாள். அவள் வாய் மூடியிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நடந்தது இதுதான். என் மூத்த மகன் தானாக விரும்பி ஒருத்தியைக் கட்டி வந்தான். சின்னாளபட்டிக்காரி. சுங்குடிச் சீலைக்கு முடிச்சுப் போடுகிறவள். வெள்ளைத் துணியை நகத்தால் கிள்ளிக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டுவாள். சாயத்தில் முக்கி அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். நான் பார்த்து வைத்திருந்த பெண் வேறு. ஆகவே வந்தவளோடு ஒன்றரை வருஷம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வேன். அவள் "சரிங்கத்தே" என்பாள். நான் சுவரிடம் சொன்னதற்கு அவள் என்னிடம் பதில் சொன்னாள். அதுவும் எனக்குப் பிடிக்காது.

அவளுக்கு வலி எடுத்தபோது நானும் ஓரகத்தியும் கூடப் போனோம். குழந்தை வந்தது. இரத்தம் நிற்கவில்லை. விடிவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு நர்சம்மா அவள் உடுத்தியிருந்த சீலையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி என் கையில் கொடுத்தாள். வெங்காயத்தோல் நிறம். அவளே முடிச்சுப் போட்டு, சாயம் ஏற்றி, கட்டிக்கொண்டது.

உடம்பு முன்வண்டியில் போனது. பின்வண்டியில் நாங்கள். என் மகன் முன்சீட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். குழந்தை ஓரகத்தி மடியில். ஆற்றுப் பாலம் வந்ததும் நான் கண்ணாடியை இறக்கி, அந்தக் கவரை வெளியே எறிந்தேன்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. நான் அதைப் பார்க்கவில்லை. கவர் மணலில் போய் விழுந்தது. வண்டி போகப் போகத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக் கவர், நடு ஆற்றில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கிடந்தது.

"என்னக்கா செஞ்ச?" என்றாள் ஓரகத்தி, குழந்தை விழித்துவிடாமல்.

"பேறுகாலத் தீட்டு. வீட்டுக்குள்ள ஆகாது" என்றேன்.

அது பொய். தீட்டு பார்க்கிறவள்தான் நான். ஆனால் அன்றைக்கு என் மனதில் ஓடியது தீட்டு இல்லை. அந்தச் சீலை வீட்டுக்கு வந்தால் பெட்டிக்குள் போகும். பெட்டிக்குள் போனால் அவள் சாமி. வருஷா வருஷம் நான் அவள் முன்னால் விழ வேண்டும். பேசாமலே வைத்திருந்த மருமகளை நான் விழுந்து கும்பிடுவதா? இதுதான் ஓடியது. அப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயது. பச்சைக் குழந்தை பக்கத்தில் இருக்கிறது. நான் இதை நினைத்தேன்.

அந்தக் கிரேக்க ராசா காற்றுக்காகப் பெற்ற பெண்ணைக் கொடுக்கப் போனான் என்றபோது, பாவி, நீ மனுசனா என்று எனக்குள் திட்டினேன். திட்டி முடிக்கும் முன்பே பாலம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

பேத்தி நான் சொன்னதை நம்பிவிட்டாள். அது இன்னும் கஷ்டம். அன்று சாயங்காலம் சாப்பிடும்போது தன் தகப்பனிடம் கேட்டாள்: "அப்பா, அம்மா பாதியில விட்டுட்டுப் போனது ஏதாச்சும் இருக்கா? முழுசா வேணாம். பாதியா இருந்தாலும் போதும்."

என் மகன் தட்டைத் தள்ளி வைத்தான். அதிகம் பேசாதவன். எழுந்து கை கழுவி, பீரோவின் அடித்தட்டில் சட்டைகளுக்குக் கீழே கையை விட்டு, ஒரு துணியை எடுத்து வந்தான். வெள்ளைத் துணி, பழுப்பேறியிருந்தது. ஒரு பக்கம் முழுக்க முடிச்சு, கடுகு கடுகாக, நூல் தளராமல். மறுபக்கம் வெறும் துணி.

"தொட்டில் கட்ட" என்றான். "உனக்கு."

இருபத்து மூன்று வருஷம் ஒரே கூரைக்குக் கீழே அது இருந்திருக்கிறது. அவன் சட்டையை மடித்து அந்தத் தட்டில் வைப்பதே நான்தான். அடியில் கை போனதில்லை. அவனும் என்னிடம் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று எனக்குக் கேட்கத் துணிவில்லை. அவனுக்குப் பாலத்து விஷயம் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தேன்.

பேத்தி ஒரு முடிச்சின் மேல் விரலை வைத்தாள். அவிழ்க்கவில்லை. "இது பெட்டிக்குள்ள போகணும்ப்பா" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் "போகட்டும்" என்றேன். என் வீட்டில் நான் சொன்னால்தான் எதுவும் நடக்கும். அந்த ஒரு சொல்லுக்கு அவர்கள் இரண்டு பேரும் என்னை நன்றியோடு பார்த்தார்கள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போய்விட்டேன்.

அதோடு முடிந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஓரகத்தியும் மூடிக்கொண்டிருப்பாள். ஆனால் இரண்டு நாள் கழித்துப் பேத்தி ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். தடித்த தாள், கறுப்பு மையில் அழகான எழுத்து.

"அவங்க கல்லுல வெட்டுன மாதிரி நானும் எழுதியிருக்கேன் அப்பத்தா. துணியோட சேத்துப் பெட்டியில வைக்க. வாசிச்சுப் பாரு, சரியா இருக்கான்னு."

எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். முதலில் அவள் அம்மாவின் பேர். அதை நான் இங்கே எழுதவில்லை. அது பெட்டித் தாளுக்கு உரியது. அதற்குக் கீழே, சின்னாளபட்டி. பாதி முடிச்சிட்ட வெள்ளைத் துணி, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொட்டில் கட்ட. அதற்கும் கீழே ஒரு வரி: உடுத்தியிருந்த சீலை ஆஸ்பத்திரியில் தொலைந்துபோனது.

நான் சொன்ன பொய் எழுத்தாகி என் கையில் இருந்தது. அந்தத் தேசத்தில் அம்மனே போய்விட்டாள், கோயில் போய்விட்டது, கும்பிட்ட சனம் போய்விட்டது. தவளை நிறத்துச் சீலை என்று எழுதினது மட்டும் போகவில்லை. என்றோ ஒரு நாள் எங்கள் வீட்டில் ஒரு பெண் பெட்டியைத் திறந்து, என் பொய்யை வாசித்து, உண்மை என்று கும்பிடுவாள்.

"சரியா இருக்கா அப்பத்தா?"

"கடைசி வரி சரியில்ல" என்றேன். "ஏன்?" என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "எழுதித் தாரேன். ஒரு நோட்டு குடு" என்றேன்.

"நீயா? எழுதவா?" என்று சிரித்தாள். ஆனாலும் கொடுத்தாள்.

பன்னிரண்டு நாளாக எழுதுகிறேன். கோணலும் மாணலுமாக இருக்கிறது. பரவாயில்லை, அந்தக் கல்லிலும் அப்படித்தான் இருந்தது. ஓரகத்தி தினமும் வந்து எட்டிப் பார்க்கிறாள். "என்னக்கா, கலெக்டருக்கு மனுவா?" என்றாள். நேற்று அதையும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "பாலம் வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டாள். வந்துவிட்டது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

நாளைக்குப் பெட்டி இறங்குகிறது. வீட்டில் மூத்தவள் நான் என்பதால் முதலில் விழ வேண்டியவளும் நான்தான். விழுவேன். ஆனால் இது தெரியாமல் அவள் மகள் என் பக்கத்தில் நிற்கக் கூடாது. தெரிந்த பிறகு நிற்பாளா என்று எனக்குத் தெரியாது. என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் வரவிடுவாளா என்றும் தெரியாது. அது அவள் முடிவு. வளர்த்தவள் என்ற பேச்சை நான் எடுக்க மாட்டேன்.

பஸ் வந்த சத்தம் கேட்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறாள்.

"ஏத்தா, இங்கிட்டு வா. பையைக் கீழ வை. காப்பித் தண்ணி அப்புறம் குடிக்கலாம். இந்தா, நோட்டு. என் எழுத்து எனக்கே புரியல, நீ வாசிச்சாத்தான் நான் எழுதுனது சரியான்னு தெரியும். மொதல்ல இருந்து சத்தமா வாசி. எந்த எடம் வந்தாலும் நிறுத்தாத, என்னைப் பாக்காத. முழுசும் முடிச்சுட்டு, அப்புறம் அந்தக் கடைசி வரிய நீயே எழுது."